தவக்காலத்து மீன்

விஜயராணிக்கு வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இடது கையில் மாவுக்கட்டு. ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஓய்வு என்பது அவளுக்கு வராத ஒன்று. விடிந்ததும் வாசலுக்குப் போவாள், தெருமுனை வரை பார்ப்பாள், திரும்பி வந்து அடுப்படியில் நிற்பாள். எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். செபம் பாதியில் இருக்கும்போதே மனம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடும்.

ஆஸ்பத்திரி என்றால் பாகூருக்குக் கிழக்கே ஆலத்துமேட்டில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே அவள் நர்ஸ். சுற்றுப்பட்ட ஊர்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களும், கடலோரத்துத் தாழைமேட்டுக் குப்பத்து மீனவர்களும், காய்ச்சலோ பாம்புக்கடியோ பிரசவமோ, முதலில் ஓடி வருவது அங்கேதான். குப்பத்தில் இன்று கடலுக்குப் போகிற இளவட்டங்களில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவளுக்கு முன்பிருந்த நர்ஸ். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அறுத்தது விஜயராணி.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், குப்பத்துச் சுபாஷ் தன் மனைவி கீர்த்தியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். பெண் பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதற்குப் பிறகுதான் உதிரம் நிற்காமல் போனது. டாக்டர் கிடையாது. இருந்தவரை மழைக்காலத்துக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. விஜயராணி ஊசி போட்டாள். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதவியாளர் தையலம்மாளை விட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னாள். வண்டி வரத் தாமதமானது. வெளியே கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம் என்று, தையலம்மாளை வயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே வராதேப்பா என்று அவள் சொன்னது முடிவதற்குள் சுபாஷின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் இரும்புக் கட்டிலின் மேல் சாய்ந்து விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கீர்த்தி பிழைத்துக்கொண்டாள். வந்த ஆம்புலன்சில் கீர்த்தி படுத்திருக்க, பக்கத்துப் பெஞ்சில் விஜயராணி உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனாள். அடித்தவன் பெண்டாட்டியும் அடிபட்டவளும் ஒரே வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதை ஊரே பேசியது.

போலீசில் புகார் கொடுக்க வைத்தது நர்சுகள் சங்கத்துச் செயலாளர் செல்வகுமாரி. சுபாஷைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் விஜயராணிக்குக் கை வலி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். ஆனால் விசாரணைக்கென்று மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து போன அடுத்த வாரத்தில் செய்தி வந்தது. ஆலத்துமேட்டில் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, ஆகவே சுகாதார நிலையத்தை ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும்படி ஒப்படைக்கப் போகிறார்கள், அவர்களிடம் காவலாளியும் கேமராவும் உண்டு என்றார்கள். சீட்டு வாங்கக் கட்டணம் இருக்குமா, பிரசவம் பார்ப்பார்களா, தையலம்மாளுக்கு வேலை இருக்குமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. விஜயராணிக்கு ஒன்றுதான் தெரிந்தது. தன் கன்னத்தில் விழுந்த அடியை யாரோ எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் பூட்டாக மாட்டிவிட்டார்கள்.

பாகூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எழிலரசன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நாலு ஊரைக் கூட்டி ஒரு குழு அமைத்தான். சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் வரை ஊர்வலம் என்று அறிவித்தான். கூட்டம் என்றால் குப்பம் வரவேண்டும். குப்பத்தார் ஒரு படகையும் கடலில் இறக்காமல் வந்து நின்றால் அதிகாரிகள் வெளியே வந்து பேசியே ஆகவேண்டும். ஆனால் குப்பத்துப் பஞ்சாயத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சுபாஷ் மேல் இருக்கும் கேசை நர்ஸம்மா திரும்ப வாங்கினால் வருகிறோம். இந்தப் பக்கம் செல்வகுமாரி தொலைபேசியில், கேசைத் திரும்ப வாங்கினால் நர்சுகள் ஒருத்தியும் வரமாட்டாள் என்றாள்.

"விஜி, நீ இளகினா நாங்க எல்லாரும் இளகின மாதிரி. நாளைக்கு எவனாவது ஒரு சின்னப் பொண்ணை அடிப்பான். அன்னிக்கு எந்த மூஞ்சியோட நான் ஸ்டேஷனுக்குப் போறது?"

அவள் சொன்னதிலும் தவறில்லை. குப்பம் வராவிட்டால் ஆஸ்பத்திரி போய்விடும் என்று எழிலரசன் சொன்னதிலும் தவறில்லை. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நிற்கிறவளுக்குத்தான் கால் தரிக்கவில்லை. கோயிலில் முழந்தாளிட்டால், ஆண்டவரே நான் இன்னா செய்யட்டும் என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு காலையில் சுபாஷின் தாய் அம்சவள்ளி வந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பாகூர் கடைத்தெருவில் மீன் விற்கிறவள், குரலும் நடையும் அப்படி. தலையில் அலுமினியக் கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு. வாசலில் நின்றது விஜயராணியின் கணவன் இன்னாசிமுத்து. ஊர் ஊராகப் போய் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவன், வாயில்லாத மனிதன். அம்சவள்ளி கூடையை இறக்கிச் சாக்கை விலக்கினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம், கண் இன்னும் பளிச்சென்று.

"எங்க வூட்டுப் படகுல வுழுந்தது. சிஸ்டரை வாங்கிக்கச் சொல்லுப்பா."

இன்னாசிமுத்துவுக்குள் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை அந்த வீட்டு அடுப்பில் மீனோ கறியோ ஏறாது. திருச்சபை அவ்வளவு கேட்கவில்லை. ஆனாலும் அது அவன் தாய் தகப்பன் காலத்திலிருந்து வந்த கட்டுப்பாடு. இன்னொன்று, கேசுக்காக மீனைக் காட்டி மயக்கப் பார்க்கிறார்கள் என்ற கசப்பு. இரண்டில் எதையும் அவன் சொல்லவில்லை.

"வேணாம்மா. எடுத்துட்டுப் போங்க."

அடுப்படியில் நின்ற விஜயராணிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கும் அதே எண்ணம்தான். லஞ்சம் என்று நினைத்தாள். வெளியே வரவில்லை.

அம்சவள்ளி மீனை மறுபடியும் ஈரச் சாக்கால் மூடினாள். பிறகு குனிந்து கூடையைத் தானே தூக்கப் பார்த்தாள். பாரக் கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். வழியில் போகிற முகம் தெரியாதவன்கூட நின்று ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவான். இன்னாசிமுத்து அன்று அதைக்கூடச் செய்யவில்லை. பெரிய பாவங்களைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி நாம் அழுகிறோம். கொடுக்காமல் விட்ட ஒரு கை நம் நினைவுக்கே வருவதில்லை. அம்சவள்ளி கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி தெருவைக் கடந்து போனாள்.

அந்த வாரத் தடுப்பூசி நாளில் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை என்று தையலம்மாள் வந்து சொன்னாள். நிறைமாதக்காரி ஒருத்தியை ஆலத்துமேட்டு வாசலைத் தாண்டியே ஆட்டோவில் கடலூருக்குக் கொண்டுபோனார்களாம். வண்டிக்குள்ளிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். விஜயராணி கடலூர்த் தூரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டாள். கடலூர் போகிற வழியில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

அன்று சாயங்காலமே எழிலரசன் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தான். உட்காரவில்லை.

"இன்னா சிஸ்டர் பண்ணிட்டீங்க? மீனையா திருப்பி அனுப்புவாங்க?"

அவன்தான் விவரம் சொன்னான். கேசைத் திரும்ப வாங்கச் சொல்லி ஒரு பக்கம் கேட்டாலும், பஞ்சாயத்தார் சுபாஷை நடுவில் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். அவன்மேல் தப்பு என்று தீர்த்திருக்கிறார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவன் வீட்டுப் படகில் அன்றைக்கு விழுந்ததில் நல்ல மீனை எடுத்து, அவனைப் பெற்றவள் கையால் அடிபட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கி அடுப்பில் ஏற்றிவிட்டால் பகை அவிந்துபோகும். திருப்பி அனுப்பினால் அந்தப் படகையே கரையேற விடாமல் தள்ளிவிட்ட மாதிரி.

"எங்களுக்குத் தவக்காலம்பா" என்றாள் விஜயராணி.

"அவங்களுக்கு இன்னா தெரியும் உங்க தவக்காலம்? பெரியாளுங்களும் முகத்தைத் திருப்பிக்கினாங்க. சனிக்கிழமை ஒருத்தரும் வரமாட்டாங்களாம்."

இன்னாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டு பழுதுக்கு வந்த மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். எழிலரசன் போனபிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு விஜயராணி கிளம்பினாள். செல்வகுமாரியிடம் சொல்லவில்லை. சொன்னால் போகவிடமாட்டாள். அறுப்பு முடிகிற காலம். ரோட்டில் வைக்கோலைப் பரப்பிவைத்திருந்தார்கள், மினிபஸ் அதன்மேல் சறுக்கிச் சறுக்கிப் போனது. இறங்கிவிடலாமா என்று வழியெல்லாம் நினைத்தாள். அடித்தவன் ஊருக்கு அடிபட்டவள் போவது எந்த ஊர் நியாயம் என்று ஒரு மனம் கேட்டது. மருந்துச் சீட்டு பிடித்தே பழகிய வலது கை செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தது.

கரையில் பெண்கள் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

"வா சிஸ்டர். மீன் நாத்தம் உங்களுக்கு ஆவாதே. மூக்கப் பொத்திக்க."

"அவங்க கைல கட்டு. எந்தக் கையால பொத்துவாங்க?" என்றாள் இன்னொருத்தி. நாலு பேர் சிரித்தார்கள்.

விஜயராணி மணலில் உட்கார்ந்தாள். மீன் வந்த அன்று என்ன நடந்தது என்று சொன்னாள். ஆண்டவர் பாடுபட்டதை நினைத்து ஈஸ்டர் வரை தங்கள் வீட்டில் மீன் தொடுவதில்லை, வீட்டுக்காரர் அதனால் வேண்டாமென்றார், வழக்கம் தெரியாமல் நானும் உள்ளேயே நின்றேன் என்றாள். லஞ்சம் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பெண்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். முதலில் வாயைத் திறந்தவள் ஒரு கிழவி.

"அவ்ளோ நாளும் மீனு திங்காம எப்படிம்மா உசிரோட இருக்கீங்க?"

"கத்திரிக்காதான் ஆயா."

இந்த முறை சிரிப்பில் கசப்பு இல்லை. அம்சவள்ளி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப குடு அக்கா. வாங்கிக்கறேன்" என்றாள் விஜயராணி.

"திங்காத வூட்டுக்கு எதுக்கு மீனு?"

"பால் சுறா குடு. எங்க வூட்டு அடுப்புலதான் ஏத்துவேன். புட்டு ஆக்கி உன் மருமவளுக்கு எடுத்தாறேன். பால் குடுக்கற பொண்ணு. விரதம் எனக்குத்தான், அவளுக்கு இல்ல."

அம்சவள்ளியின் முகம் இளகத் தொடங்கியது. விஜயராணி அதைப் பார்த்தாள். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் எல்லாம் சுகமாக முடியும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் சொல்லாமல் வாங்கினால் அது அவர்களை ஏமாற்றுவது.

"அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடறேன் அக்கா. பகை தீர்ந்துச்சு. கேஸை நான் திரும்ப வாங்க மாட்டேன்."

அம்சவள்ளி எழுந்து நின்றுவிட்டாள். பகை வேறு கேஸ் வேறு என்று எந்தக் கரையில் சொல்வார்கள் என்று கேட்டாள். மீனையும் வாங்கிக்கொண்டு பிள்ளையையும் ஜெயிலுக்கு அனுப்புவாயா என்று கேட்டாள். விஜயராணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உன் புள்ள ஜெயிலுக்குப் போவணும்னு நான் ஜெபம் பண்ணலக்கா. என் கை ஒண்ணுதான்னா போவட்டும்னு விட்டுருப்பேன். நாளைக்கு என் இடத்துல புதுசா ஒரு பொண்ணு வந்து நிப்பா. அவளை அடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு ஊருக்குப் பழகிடக் கூடாது. அடிச்சுட்டாங்க, அதனால ஆஸ்பத்திரியை வேற ஆளுக்குக் குடுக்கறோம்னு சொல்றாங்க. தப்பு பண்ணவனைக் குப்பமே சட்டத்துக்கு முன்னால நிறுத்துச்சுன்னா அப்புறம் இன்னா சொல்லுவாங்க? நடந்ததை நடக்கலன்னு எழுதிக் குடுக்க மட்டும் என்னைக் கேக்காத."

கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன் தலை நிமிராமல் சொன்னான்.

"மீனைக் குடும்மா."

குரலைக் கேட்ட பிறகுதான் அது சுபாஷ் என்று விஜயராணிக்குத் தெரிந்தது. உடம்பு தானாகவே பின்னுக்குப் போனது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டு படகின் மறுபக்கத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

அம்சவள்ளி மூன்று சுறாக் குட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். முகத்தில் சமாதானம் இல்லை. ஆனாலும் பஸ் நிறுத்தம் வரை சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்தது ஒரு கூத்து. ஒற்றைக் கையால் சுறாவுக்குத் தோல் உரிக்க முடியாது. மோட்டார் அவிழ்க்கிற இன்னாசிமுத்து வெந்நீரில் போட்ட சுறாவை எடுத்து மணல்போல் உரசும் தோலைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். மீனை உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினார்கள். உப்புதான் தகராறு. இருவருமே விரதம், நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. போட்டாச்சு என்று அவள் சொன்னாள். வாசனையைப் பார்த்தால் போடாத மாதிரி இருக்கிறது என்று அவன் இன்னொரு கைப்பிடி போட்டான். உப்புக்கு ஏது வாசனை என்று அவள் கேட்பதற்குள் கிளறியாகிவிட்டது.

மறுநாள் காலை தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட வந்த இன்னாசிமுத்து வாசலிலேயே நின்றான். கீர்த்தி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு வாய் போட்டாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"சிஸ்டர், கடல் தண்ணிய மோந்து ஊத்துனீங்களா?"

அம்சவள்ளி ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். இது மீனுக்கே தாகம் எடுக்கிற உப்பு என்றாள். வாசலில் நின்றவனைக் கூப்பிட்டு, நீதானே போட்டாய் என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அன்னிக்குக் கூடை தூக்கிவிடாத கை இன்னிக்கு உப்பை வாரிப் போட்டிருக்கு என்றாள். அவன் காதுமடல் சிவந்துபோனது. மன்னிச்சிருங்கம்மா என்றான். கீர்த்தி பழைய சோற்றில் பிசைந்து பிசைந்து சட்டியைக் காலிசெய்துகொண்டிருந்தாள். கடைசி வாய்க்குப் பிறகு, மாமியாருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"உங்க கை என் வயித்து மேல இருந்துச்சு சிஸ்டர். எடுத்ததும் எனக்குத் தெரிஞ்சிது. அவருகிட்ட சொல்லிட்டேன், எந்தக் கை என்னைப் புடிச்சிக்கினு இருந்துதோ அதைத்தான் நீ ஒடச்சேன்னு. அன்னிலேர்ந்து சரியா சாப்பிடறது இல்ல."

விஜயராணி மடிப்பிள்ளையின் பக்கம் குனிந்தாள். குழந்தையின் கண்ணை இழுத்துப் பார்த்தாள், மஞ்சள் இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு, தடுப்பூசிக்குக் கொண்டுவா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பஞ்சாயத்தார் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள் என்று எழிலரசன் சொன்னான். அடுப்பில் ஏறிவிட்டது, பகை தீர்ந்தது என்றார்கள் சிலர். கேஸ் இருக்கும்போது என்ன தீர்ந்தது என்றார்கள் சிலர். முடிவு ஒன்றும் சொல்லாமல் கலைந்துவிட்டார்கள். செல்வகுமாரிக்கும் செய்தி போய், அவள் தொலைபேசியில் கொதித்தாள். யார் வீட்டுக்கு யார் புட்டு அவித்துக்கொண்டு போவது என்று கேட்டாள். கேஸ் அப்படியேதான் இருக்கிறது, நீ சனிக்கிழமை வா என்றாள் விஜயராணி. அந்தப் பக்கம் தொலைபேசி அணைந்தது.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் விவசாயக் கூலிகள் கொஞ்சம் பேர், சங்கத்துக் கொடிகள் சில, தையலம்மாள், போலீஸ்காரர்கள் இருவர். எழிலரசன் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயராணி கிழக்கே போகிற ரோட்டைப் பார்ப்பாள், மேற்கே பார்ப்பாள், கைக்கட்டைத் தடவுவாள். இவ்வளவு பேர்தானா என்று யாரோ கேட்டது காதில் விழாத மாதிரி நின்றாள்.

மேற்கிலிருந்து முதலில் ஒரு வேன் வந்தது. செல்வகுமாரியும் நர்சுகளும், தோளில் கறுப்பு நாடா. செல்வகுமாரி விஜயராணியைப் பார்த்துத் தலையை அசைத்தாள், சிரிக்கவில்லை. அவர்கள் பிடித்த பலகையில் ஊழியருக்குப் பாதுகாப்புக் கொடு என்றிருந்தது. எழிலரசன் ஆட்கள் பிடித்ததில் ஆஸ்பத்திரியை விற்காதே என்றிருந்தது. இரண்டு கூட்டமும் ரோட்டின் இரண்டு ஓரத்தில் நின்றன.

பிறகு கிழக்கிலிருந்து மீன் ஏற்றுகிற டெம்போக்கள் வந்தன. மீனுக்குப் பதில் பெண்கள். பின்னால் இருசக்கர வண்டிகளில் ஆண்கள். குப்பம் முழுதும் இல்லை, பாதிதான் இருக்கும். ஆனாலும் அந்தப் பாதி இறங்கி நின்றபோது ரோடு தெரியவில்லை. எழிலரசன் ஒலிபெருக்கியைத் தட்டுவதை நிறுத்தினான்.

நர்சுகள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். அடித்த ஊர் அல்லவா. அவர்களில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது, வெயில் தாங்காமல் முகம் வெளிறி நின்றாள். அம்சவள்ளி நேரே போய், தலைக்குச் சும்மாடு கட்டுகிற தன் துண்டை உதறி அவள் தலையில் போட்டாள். போட்டுக்கடி, மயங்கி வுழுந்தா உனக்கு ஊசி போட இங்க டாக்டர் இல்ல என்றாள். பெண் மீன் வாடைக்கு ஒரு கணம் மூக்கைச் சுளித்தாள். பிறகு துண்டை இழுத்து நெற்றி வரை மூடிக்கொண்டாள். செல்வகுமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நர்சுகளிடம் என்னவோ சொன்னாள். அவர்கள் பலகைகளோடு ரோட்டின் நடுவுக்கு வந்தார்கள்.

ஊர்வலம் புறப்பட்டது. விஜயராணி நடுவில் நடந்தாள். பக்கவாட்டில் யாரோ அடியெடுத்து வருவது தெரிந்து திரும்பினாள். சுபாஷ். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற இடத்தை அவன் விட்டிருந்தான். அவள் நடையை நிறுத்தவில்லை. போய்விடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் வரவில்லை. கொஞ்ச தூரம் இருவரும் அப்படியே நடந்தார்கள்.

"அடுத்த மாசம் கோர்ட்டுல கூப்பிட்டிருக்காங்க சிஸ்டர்" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி. "நான் அடிச்சேன்னு ஒத்துக்கப் போறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"சரிப்பா."

"நீங்களும் வருவீங்களா?"

"வருவேன். நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்."

அவன் தலையாட்டினான். அவளுக்கு அவன்மேல் இருந்த பயம் போய்விடவில்லை. ஆனால் இவனும் அந்தக் கதவுக்கு வெளியே அன்று பயந்துபோய்த்தான் நின்றான் என்பது, ஏனோ இவ்வளவு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நடந்தபடின்னா எல்லாத்தையும் சொல்லணும் இல்ல" என்றாள். "நீ அடிச்சதைச் சொல்லுவேன். எத்தனை மாசமா டாக்டர் இல்லாம அந்த ரூமுல நானும் தையலம்மாளும் தனியா நின்னோம்ங்கறதையும் சொல்லுவேன். அதைக் கேக்கறதுக்கு அவங்களுக்கு இஷ்டம் இருக்கோ இல்லியோ."

சுபாஷ் அவளை நிமிர்ந்து பார்த்தான். நடையைத் தளர்த்தி ஆண்கள் வரிசைக்குப் பின்வாங்கினான். முன்னால் எழிலரசன் கோஷத்தைத் தொடங்கினான். அவன் சொன்னதற்கு நர்சுகள் பதில் கொடுத்தார்கள், நர்சுகள் சொன்னதற்குக் குப்பத்துப் பெண்கள் பதில் கொடுத்தார்கள். எது யாருடைய கோஷம் என்று பிரிக்க முடியவில்லை. கொம்யூன் அலுவலகத்தில் யார் வெளியே வருவார்கள், வந்து என்ன சொல்வார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. விஜயராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஏரிக்கரை ரோட்டில் திரும்பி நடந்தாள்.